பாதையும் லயமும்: மலையகத்தில் வேகத்தின் வரலாறு
(அக்கரப்பத்தனையை முன்னிறுத்திய ஒரு நோக்கு)

வீதிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை அமைப்பித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆளுநரின் காலத்தில் எந்த மலை குடையப்பட்டது, எந்தப் பொறியியலாளர் எந்த ஆற்றுக்குப் பாலமிட்டார் என்பன விரிவாகப் பதிவு பெற்றுள்ளன. அப்பாதையில் நடந்தவர் யார், அதன் ஓரத்தில் குடியிருத்தப்பட்டவர் யார், அப்பாதையில் எவ்வளவு விரைவாகச் செல்லலாம் என்பதைத் தீர்மானித்தவர் யார் என்ற வினாக்களோ அரிதாகவே எழுப்பப்பட்டன. குடியிருப்பு வீதிகளில் வாகன வேகத்தைக் குறைப்பது பற்றி இன்று உலகின் பல பகுதிகளிலும் விவாதம் நிகழ்கின்றது. இவ்விவாதத்தைப் பொறியியற் பிரச்சினையாகவோ பொலிஸாரின் கடமையாகவோ மட்டும் கருதுவது முழுமையான நோக்காகாது. பாதை யாருக்கு உரியது என்ற சமூக வினாவே அதன் அடியில் உள்ளது. அவ்வினாவை நுவரெலியா மாவட்டத்தின் அக்கரப்பத்தனைப் பிரதேசத்தை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பாதைகள் வெட்டப்பட்ட காலம்

1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், மலைநாட்டைக் கொழும்புடன் இணைப்பது ஆட்சியாளரின் முதன்மைத் தேவையாயிற்று. எட்வர்ட் பார்ன்ஸின் நிர்வாகத்தில், 1820களில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. அப்பணியில் இளம் அதிகாரியாகச் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர் பின்னர் நாட்டின் வீதி நிர்மாணத்துறைக்கே தலைமை தாங்கினார். இவ்வீதியின் முதல் நோக்கம் இராணுவ நோக்கமே. கிளர்ச்சி தோன்றுமிடத்துக்குப் படையை விரைவாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே அன்றைய ஆட்சியாளரின் கவலை. ஆகவே, மலைநாட்டின் நவீன பாதைகளுக்கு வேகம் என்ற எண்ணம் பிறப்பிலேயே உடன் வந்ததெனலாம். ஆனால் அது ஆள்வோரின் வேகம்.

அப்பாதைகளை வெட்டியோர் தம் விருப்பத்தால் வந்தவரல்லர். இராஜகாரியம் எனப்பட்ட பழைய கட்டாய ஊழிய முறை பாதை வேலைக்குப் பெருமளவிற் பயன்படுத்தப்பட்டது. 1832-இல் அது ஒழிக்கப்பட்டபோதிலும், பாதைக்கான உழைப்பை மக்களிடமிருந்து பெறும் எண்ணம் ஒழியவில்லை. 1848-இல் டொரிங்டன் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் இயற்றப்பட்ட வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கீடாக மூன்று ஷில்லிங் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் இவ்வரியும் ஒன்று. டொரிங்டன் என்ற பெயரைத் தாங்கிய தேயிலைத் தோட்டமொன்று இன்றும் அக்கரப்பத்தனைப் பகுதியில் உண்டு.

இராணுவப் பாதை விரைவிலேயே வணிகப் பாதையாக மாறியது. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, தோட்டத்துரைமார் அரசிடம் ஓயாது முன்வைத்த கோரிக்கை பாதை என்பதே. மூட்டைகள் மாட்டு வண்டிகளில் கொழும்புத் துறைமுகத்தைச் சென்றடைய நெடுநாள் பிடித்தது. புகையிரதம் 1867-இல் கண்டியையும், 1884-இல் ஹட்டனையும், 1885-இல் நானுஓயாவையும் அடைந்தது. புகையிரத நிலையங்களிலிருந்து தோட்டங்களுக்குக் கிளைப்பாதைகள் பிரிந்தன. எங்கு பங்களாவும் தொழிற்சாலையும் எழுந்தனவோ அங்கு பாதை சென்றது. பாதையின் போக்கைத் தீர்மானித்தது விளைபொருளின் தேவையே.

2. நடந்து வந்தோர்

இதே காலத்தில், இப்பாதைகளின் வழியே இன்னொரு பயணமும் நிகழ்ந்தது. தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் திரட்டப்பட்டோர் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். குடிநீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் ஆயிரக்கணக்கினர். மலையகத் தமிழரின் வரலாறு ஒரு பாதையிலேயே தொடங்குகின்றது என்று கூறின் அது மிகையன்று. அப்பாதையில் மனித உயிருக்கிருந்த மதிப்பு யாது என்பதும் அங்கேயே வெளிப்பட்டுவிட்டது. வந்து சேர்ந்தோரின் கணக்கைத் தோட்டம் வைத்தது. வந்து சேராதோரின் கணக்கை வைக்க எவருமிருக்கவில்லை.

தோட்டத்தை அடைந்த பின்னரும் நடையே அம்மக்களின் போக்குவரத்தாக இருந்தது. விடியலில் பெரட்டுக் களத்துக்கும், அங்கிருந்து மலைக்கும், கூடையின் பாரத்துடன் கொழுந்து மடுவத்துக்கும், மாலையில் லயத்துக்கும் நடந்தனர். துரை குதிரையிலும் பின்னர் மோட்டார் வாகனத்திலும் சென்றார். ஒரே பாதையில் இருவகை வேகங்கள் இயங்கின. அவை இருவகை வர்க்கங்களின் வேகங்களுமாகும். விரைவாகச் செல்பவருக்கு மெதுவாகச் செல்பவர் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது அங்கு எழுதப்படாத ஒழுங்காயிற்று. இவ்வொழுங்கு குதிரையோடு மறைந்துவிடவில்லை என்பதை நாம் பின்னர் காண்போம்.

3. அக்கரப்பத்தனையின் நிலவமைப்பு

'பத்தன' என்னும் சிங்களச் சொல் மலைப்புல்வெளியைக் குறிப்பது. ஹோட்டன் சமவெளியை அண்டிய இவ்வுயர்நிலத்தின் பண்டைய தோற்றத்தை இப்பெயர் இன்றும் உணர்த்துகின்றது. ஆக்ரா ஓயாவின் பள்ளத்தாக்கில் அமைந்த இப்பிரதேசம், திம்புள தேயிலைப் பகுதியின் ஓர் அங்கமாகும். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர், தேயிலை மலைநாடெங்கும் பரவியது. ஹோல்புறூக், கிளாஸ்கோ, சென்றிங்ஹாம், வேவர்லி, பெல்மோரல் என இங்குள்ள தோட்டப் பெயர்கள் ஆங்கிலேய, ஸ்கொத்லாந்தியத் துரைமாரின் நினைவுலகைச் சுட்டுவன. அத்தோட்டங்களை உருவாக்கியோரின் ஊர்ப்பெயர்களோ நிலப்படத்தில் ஏறவில்லை.

தேயிலையின் இயல்பு பாதையின் இயல்பையும் நிர்ணயித்தது. கோப்பிக் கொட்டையைப் போலன்றிப் பறித்த கொழுந்து காத்திருக்காது. அது சூடேறிக் கெடுமுன் தொழிற்சாலையைச் சேரவேண்டும். எனவே மலைகளிலிருந்து தொழிற்சாலைக்கு நாள்தோறும் பலமுறை வண்டி ஓடக்கூடிய பாதை இன்றியமையாததாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் லொறி வந்ததும், வண்டிப்பாதைகளே லொறிப்பாதைகளாயின. தொழிலாளர் லயங்கள் வேலைக்கு அழைப்பதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் வாய்ப்பாக இப்பாதைகளை ஒட்டியே பல இடங்களில் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பரா, அதன் முன்னே குறுகிய இஸ்தோப்பு, அதனையடுத்து வடிகான், அதற்கப்பால் பாதை. பிள்ளைகள் விளையாட முற்றம் என ஒன்று தனியே விடப்படவில்லை. பாதையே முற்றமாயிற்று. தண்ணீர்க் குழாயும் கோயிலும் பிள்ளைக் காம்பராவும் பல தோட்டங்களில் பாதைக்கு மறுபுறம் அமைந்தன. ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வே பாதையைக் குறுக்கறுத்துச் செல்வதாயிற்று.

ஆகவே, மலையகத்தில் 'குடியிருப்பு வீதி' எது என்ற வினாவுக்கு நகர அமைப்பு நூல்களிலிருந்து விடை கிடைக்காது. கொழும்பின் ஒழுங்கை போலன்றி, இங்கு பொருளை ஏற்றிச் செல்லும் பாதையும் பிள்ளை விளையாடும் பாதையும் ஒன்றே.

4. பாதையின் உடைமை

இப்பாதைகள் நெடுங்காலம் தோட்டத்தின் தனியுடைமையாகக் கொள்ளப்பட்டன. அனுமதியின்றி நுழைவோர் மீது அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் துணி வியாபாரியின் வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் சென்றார் என்ற செய்தி மலையக வரலாற்றில் நன்கறியப்பட்டது. தம் வீட்டு வாசலுக்கு யார் வரலாம் என்பதையே தீர்மானிக்க இயலாதவர்கள், தம் வாசலில் வாகனம் எவ்வளவு விரைவாகச் செல்லலாம் என்பதைத் தீர்மானித்திருக்க முடியுமா?

உள்ளூராட்சி அமைப்புகளிலும் இதே புறக்கணிப்பு தொடர்ந்தது. 1930களின் இறுதியில் கிராமச் சபைகளுக்கான வாக்குரிமையிலிருந்து தோட்ட லயங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர் விலக்கப்பட்டனர். 1948-இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும் அவர்களை நாட்டின் அரசியலிலிருந்தே அப்புறப்படுத்தின. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறியபோதெல்லாம் பாதையின் பராமரிப்பு யாருடையது என்ற வினா விடையின்றியே நின்றது.

1987-இன் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமிய உள்ளூராட்சிக்குப் புதிய வடிவம் தந்தது. ஆயினும் அதன் 33-ஆம் பிரிவின் வாசகமும் அதற்குத் தரப்பட்ட விளக்கமும், சபையின் நிதியைத் தோட்டப் பகுதிகளுக்குள் செலவிடத் தடையாக நின்றன. வாக்களித்து உறுப்பினரை அனுப்பிய மக்களின் பாதைக்கு அவ்வுறுப்பினரால் ஒரு கல் இடவும் இயலாத விசித்திர நிலை நிலவியது. இச்சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் நடைபெற்ற தேர்தலின்போது நுவரெலியா மாவட்டத்தில் புதிய பிரதேச சபைகளும் செயற்படத் தொடங்கின. அக்கரப்பத்தனைப் பிரதேச சபை அவற்றுள் ஒன்று. பாதை பற்றித் தீர்மானிக்கும் உரிமை, பாதையோரத்தில் வாழ்வோருக்கு முதன்முதலாகச் சட்டப்படி எட்டக்கூடியதாயிற்று என்ற வகையில் இது குறிப்பிடத்தக்க திருப்பமாகும்.

5. வேகக் கட்டுப்பாட்டின் உலக வரலாறு

வேகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் மோட்டார் வாகனத்துக்கும் முற்பட்டது. பிரித்தானியாவின் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், நீராவி வண்டிகளின் வேகத்தை நகரங்களில் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என வரையறுத்தது. 1896-இல் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் மோட்டார் வண்டி மோதி இறந்தார். 1930-இல் பிரித்தானியா கார்களுக்கான வேக எல்லையை முற்றாக நீக்கியது. விபத்துகளின் மிகுதி கண்டு 1935-இல் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் எல்லையை மீண்டும் கொணர்ந்தது. வாகன உடைமையாளரின் செல்வாக்கும் பாதசாரிகளின் இழப்பும் மோதிய களமாகவே இவ்வரலாறு அமைந்துள்ளது.

1960களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், குடியிருப்போர் தம் தெருவை வாகனங்களிடமிருந்து மீட்கும் முயற்சி உருவாயிற்று. நடப்போருக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை தரும் 'வாழுந்தெரு' என்ற இவ்வமைப்பு 1976-இல் அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. 1983-இல் ஜேர்மனியின் புக்ஸ்டஹூட நகரில் மணிக்கு 30 கிலோமீற்றர் வலயம் பரீட்சிக்கப்பட்டது. 1992-இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரம் பிரதான வீதிகள் தவிர்ந்த ஏனைய வீதிகள் அனைத்துக்கும் இவ்வெல்லையை விரித்தது. 2020 பெப்ரவரியின் ஸ்டொக்ஹோம் பிரகடனம், நடப்போரும் வாகனங்களும் கலந்து இயங்கும் இடங்களுக்கு 30 கிலோமீற்றரையே பரிந்துரைத்தது. 2023 செப்டெம்பரில் வேல்ஸ் நாடு குடியிருப்பு வீதிகளின் பொது எல்லையை 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தபோது எழுந்த எதிர்ப்பு, இவ்வரலாற்றுப் போராட்டம் இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டிற்று.

இலங்கையில் 1951-இன் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வேக எல்லைகள் விதிக்கப்படுகின்றன. கட்டட நெருக்கமுள்ள பகுதிகளில் கார்களுக்கு மணிக்கு 50 கிலோமீற்றரும், முச்சக்கர வண்டிகளுக்கு 40 கிலோமீற்றரும் எல்லையாகும். வீதி விபத்துகளால் இந்நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். உலகளவில் இத்தொகை ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

6. லயத்தின் நீளமும் வாகனத்தின் வேகமும்

50-க்கும் 30-க்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் செல்லும். 30 கிலோமீற்றரில் செல்வது 8 மீற்றரே செல்லும். ஆபத்தைக் கண்டு தடுப்பானை மிதிக்கச் சாரதிக்கு ஒரு விநாடி தேவை எனக் கொள்வோம். காய்ந்த சமதரையில் முதலாவது வாகனம் நிற்க ஏறத்தாழ 28 மீற்றரும், இரண்டாவது நிற்க 13 மீற்றரும் வேண்டும். 15 மீற்றருக்கு அப்பால் ஒரு குழந்தை பாதையில் இறங்கின், 30-இல் வரும் வாகனம் அக்குழந்தையை அடையுமுன் நின்றுவிடும். 50-இல் வருவதோ தன் வேகம் குறையத் தொடங்கும் நிலையிலேயே மோதிவிடும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால், 50-இல் அது 30-இலுள்ளதைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்காகும்.

இக்கணக்கு சமதரைக்குரியது. அக்கரப்பத்தனையிலோ மழையும் பனிமூட்டமும் சரிவும் அன்றாட நிலைமைகள். தடுப்பானின் பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் ஈரச் சரிவில், 50-இல் வரும் வாகனத்துக்கு 38 மீற்றர் வரை தேவைப்படும். 30-இல் வருவதற்கு 17 மீற்றர் போதும். ஒரு காம்பராவின் முகப்பைப் பத்தடி எனக் கொண்டால், பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக அமைந்த லயத்தின் நீளம் ஏறத்தாழ 36 மீற்றர். அதாவது, லயத்தின் ஒரு முனையில் ஆபத்தைக் கண்ட சாரதி, மறுமுனையையும் கடந்த பின்னரே நிறுத்துவார். இடையிலுள்ள பன்னிரண்டு வாசல்களிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

7. கார்பட் வீதியின் முரண்பாடு

குண்டும் குழியுமான பாதையில் வாகனம் விரைந்து செல்ல முடியாது. பழைய தோட்டப் பாதையின் சீர்கேடு, அதன் ஓரத்தில் வாழ்ந்தோருக்கு அறியாமலே ஒருவகைக் காப்பாகவும் இருந்தது. அதே சீர்கேடு பிரசவ வேதனையில் துடித்த தாய்மாரை மருத்துவமனைக்கு எட்டவிடாமலும் தடுத்தது. எனவே நல்ல பாதை வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆயின், பாதை கார்பட் இடப்பட்டதும் வேகம் உடனே உயர்கின்றது. நடைபாதையோ, வேகத்தடையோ, பாதுகாப்பு மதிலோ அதனுடன் வருவதில்லை. அபிவிருத்தி வாகனத்துக்குக் கிட்டுகின்றது. அதன் அபாயம் நடப்போருக்குக் கிட்டுகின்றது.

மலைநாட்டு வீதிகளின் கொடுமையை அண்மை ஆண்டுகள் மீண்டும் மீண்டும் உணர்த்தியுள்ளன. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்லைக் குறுக்குப் பாதையில் சுற்றுலா சென்ற பாடசாலை மாணவரின் பேருந்து, வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் உயிரிழந்தனர். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லையில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய பெருவிபத்துகள் செய்தியாகின்றன, விசாரணைகள் அறிவிக்கப்படுகின்றன. லயத்துப் பாதையில் ஒருவர் ஒருவராக நிகழும் சாவுகள் அவ்வாறு கவனம் பெறுவதில்லை. பாதையில் மாண்டோரின் கணக்கை வைக்க எவருமில்லாதிருந்த மன்னார் வழிப் பயணத்தின் எதிரொலியை நாம் இங்கு கேட்கின்றோம்.

8. மறுப்புகளும் விடைகளும்

வேகத்தைக் குறைத்தால் நோயாளியைக் கொண்டுசெல்வது தாமதமாகும் என்பது ஒரு மறுப்பு. லயங்களின் முன்னுள்ள 300 மீற்றர்த் தூரத்தை 50-இல் கடக்க 22 விநாடியும், 30-இல் கடக்க 36 விநாடியும் ஆகும். இழப்பு 14 விநாடி. மருத்துவமனை தொலைவில் இருப்பதும், அம்புலன்ஸ் இல்லாமையும், மண்சரிவால் பாதை மூடப்படுவதும் உண்டாக்கும் தாமதத்தின் முன் இது ஒரு பொருட்டன்று.

இரண்டாவது மறுப்பு மேலும் கவனத்துக்குரியது. சட்டத்தை இறுக்கினால் தண்டப்பணம் செலுத்தப்போவது யார்? முச்சக்கர வண்டியோட்டும் இளைஞரும் லயத்தின் பிள்ளையே. தோட்டச் சம்பளம் போதாமையால் கடன்பட்டு வண்டி வாங்கியவர் அவர். ஓட்டத்தின் எண்ணிக்கையே அவரது வருமானம். தனியார் பேருந்தின் சாரதியும் அந்நாளின் வசூலை எட்டவேண்டிய நெருக்கடியில் ஓடுகிறார். வேகம் தனிமனிதரின் தீயொழுக்கம் மட்டுமன்று. அது வருமான முறையின் விளைவுமாகும். எனவே தண்டனையை மட்டும் நம்பும் கொள்கை ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்துவதில் முடியும்.

இதற்குரிய விடை பாதையின் அமைப்பிலேயே உள்ளது. லயத்தொகுதியின் இருமுனைகளிலும் 30 கிலோமீற்றர் எல்லையை அறிவிக்கும் பலகை, அதனருகே சரிவு குறைந்த இடத்தில் வேகத்தடை, பாடசாலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் முன்னால் உயர்த்தப்பட்ட கடவை, வடிகானின் மேல் மூடியிட்டு அதனையே நடைபாதையாக்குதல், கொழுந்து லொறிக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் நேரம் பிரித்தல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாதவை. செங்குத்தான சரிவில் இடப்படும் வேகத்தடை தானே ஆபத்தாகுமாதலால், எது எங்கு வேண்டும் என்பதை அவ்விடத்தில் வாழ்வோரும் ஓட்டுவோரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். 2015-க்குப் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் கொண்ட புதிய குடியிருப்புகள் மலையகத்தில் எழுந்துள்ளன. இனி எழுவனவற்றிலேனும் வீட்டுக்கும் பாதைக்கும் இடையே பிள்ளைகளுக்கான முற்றம் வரைபடத்திலேயே இடம்பெறவேண்டும்.

முடிவுரை

மலைநாட்டின் பாதை முதலில் படைக்காகவும், பின்னர் கோப்பிக்காகவும், அதன்பின் தேயிலைக் கொழுந்துக்காகவும் அமைந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அதன் வேகத்தைத் தீர்மானித்தோர் அதன் ஓரத்தில் வாழாதோர். அப்பாதையை வெட்டியோரும், செப்பனிட்டோரும், அதில் பாரம் சுமந்தோரும் அதனை ஒதுங்கி நின்று பயன்படுத்தும் உரிமை மட்டுமே பெற்றனர். காணியுரிமை, வீட்டுரிமை, சம்பள உயர்வு ஆகிய பெருங்கோரிக்கைகளுக்கு முன் வேக எல்லை பற்றிய பேச்சு சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், தன் வாசலின் முன்னுள்ள பாதை எவ்வாறு இயங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் அக்கோரிக்கைகளைச் சேர்ந்ததே. வாக்குச் சீட்டில் பெற்ற குடியுரிமை லயத்து வாசல்வரை வந்து சேரவேண்டும். அங்கு ஒரு குழந்தை அச்சமின்றிப் பாதையைக் கடக்கும் நாளில்தான் அது நிறைவுபெறும். சட்டத் தடை நீங்கிவிட்ட இன்று, அதற்கான முதல் தீர்மானத்தை அக்கரப்பத்தனை போன்ற சபைகளே நிறைவேற்றலாம்.